இடம் மறுத்தனர், மன்றம் எழுந்தது!

பகுத்தறிவு இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டுவோர் கண்ணில் முதலில் படுவது மேடைதான். பிராட்லாவின் முழக்கமும் இங்கர்சாலின் நாவன்மையும் நம் பெரியாரின் பேருரைகளும் நம் செவிகளில் ஒலிக்கின்றன, ஒலிக்கவும் வேண்டும். ஆனால், மேடை தானாக முளைப்பதில்லை. அதற்கென இடம் தேடி அலைந்தவர் ஒருவர் உண்டு. சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவர் ஒருவர் உண்டு. பேச்சாளரை இரயிலடியில் வரவேற்று, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்து, வசூலுக்கும் செலவுக்கும் இடையே விழுந்த துண்டைத் தன் வீட்டுப் பணத்தால் அடைத்துவிட்டு, மறுநாட் காலையில் தன் தொழிலைப் பார்க்கச் சென்றவர் ஒருவர் உண்டு. வரலாறு அவரை எளிதில் நினைவிற் கொள்வதில்லை. பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இவரோ அதே ஊரில், அதே தெருவில், அதே அண்டை வீட்டாரின் ஏச்சுக்கு நடுவில் வாழ்ந்தாக வேண்டும்.

அத்தகையோர் சிலரைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன். அவர்கள் வாழ்ந்த ஊர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர்.

லெஸ்டர் காலுறை பின்னுவோரின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்வூர்த் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பின்னல் பொறி அவனுடையது அன்று. வாரந்தோறும் அதற்கு வாடகை கட்ட வேண்டும். வேலை குறைந்த வாரத்திலும் வாடகை குறையாது, கூலியிலேயே பிடித்துக்கொள்வர். இந்தக் கொடுமையைச் சட்டம் ஒழித்தது 1874இல்தான். வயிறு காய்ந்தவனுக்கு மறுமை இன்பத்தைப் பற்றிச் சொல்லப் பாதிரிமார் இருந்தனர். இம்மையைப் பற்றிச் சொல்ல ஒருவர் வந்தார். அவர் இராபர்ட் ஓவன். மனிதன் பிறவியிலேயே பாவியல்லன், சூழ்நிலையே அவனை ஆக்குகிறது, சூழ்நிலையை மாற்றினால் மனிதன் மாறுவான் என்ற அவருடைய கருத்து, லெஸ்டரில் ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றிக்கொண்டது. அந்தக் கூட்டத்தின் வழிவந்ததே 1851இல் தோன்றிய லெஸ்டர் 'செக்யூலர்' சங்கம்.

'செக்யூலரிசம்' என்ற சொல்லையே அதே 1851இல்தான் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பவர் படைத்தார். நம் சென்னை நகரத்தில் 1880களில் 'தத்துவ விவேசினி' என்னும் இதழை நடத்திய முன்னோர் அச்சொல்லை 'லௌகிகம்' எனப் பெயர்த்துத் தம் அமைப்பைச் 'சென்னை லௌகிக சங்கம்' என வழங்கினர். வடசொல்லை விடுத்து 'உலகியல்' என்று நான் எழுதுகிறேன். பொருள் ஒன்றுதான்: செத்தபின் வரும் உலகம் கிடக்கட்டும், வாழும் உலகைச் செம்மை செய்வோம் என்பது.

இதைச் சொல்வதற்கு அந்நாளில் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? ஹோலியோக்கே சான்று. 1842இல் ஒரு சொற்பொழிவின் முடிவில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கடவுளைப் பற்றி அவர் சொன்ன விடைக்காக ஆறு திங்கள் சிறை. அவர் சிறையில் இருந்தபோதே அவருடைய சின்னஞ்சிறு மகள் இறந்தாள். 1869 வரை, கடவுளை நம்பாதவன் ஆங்கில நீதிமன்றத்தில் சான்று சொல்லவே இயலாத நிலை. அவன் வீட்டில் திருடன் புகுந்தாலும் கூண்டிலேறி 'நான் கண்டேன்' என்று சொல்ல முடியாது. ஏன்? அவன் ஆணை இடக் கடவுள் இல்லையாம்!

இடம் பற்றிய வழக்கு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். லிவர்பூல் நகர உலகியல் சங்கத்தார் சொற்பொழிவுகளுக்கென ஓர் இடத்தை வாடகைக்குப் பேசி முடித்தனர். பேச்சுகளின் தலைப்பை அறிந்த உரிமையாளர் வாக்குத் தவறினார். சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 1867இல் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? கிறித்தவத்தைத் தாக்கும் நோக்கமே சட்டத்திற்குப் புறம்பானது. ஆகவே அந்த ஒப்பந்தத்தை மீறியதில் குற்றமில்லை என்பது! ஐம்பது ஆண்டு கழித்து, 1917இல்தான் பிரபுக்கள் சபை இந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆக, அரை நூற்றாண்டுக் காலம், நாத்திகனுக்கு இடம் தருவதாகச் சொல்லி ஏமாற்றுபவனுக்கு நீதிமன்றமே துணை நின்றது.

1870களின் தொடக்கத்தில் இந்த இடர் லெஸ்டரையும் தொட்டது. ஹோலியோக் பேச வருகிறார், கூட்டம் நடத்த இடம் கேட்டனர், மறுக்கப்பட்டது. சென்ற ஆண்டு எங்கள் ஊர் இளைஞர்கள் சோதிடத்தைப் பற்றிய ஓர் அறிவியல் உரைக்கு மண்டபம் கேட்கப் போனபோது, உடன் சென்றவன் நான். தேதி காலியாகத்தான் இருந்தது, தலைப்பைச் சொன்னோம், உடனே அந்தத் தேதி நிரம்பிவிட்டது! அன்று மாலை திண்ணையில் கூடி நாங்கள் செய்ததெல்லாம் மண்டபக்காரரை ஏசியதுதான். ஏச்சு ஓய்ந்ததும் கலைந்தோம். லெஸ்டரில் ஒருவர் ஏசிக்கொண்டிருக்கவில்லை. 'நமக்கென ஒரு மன்றத்தை நாமே கட்டுவோம்' என்றார். அவர் ஜோசையா கிம்சன்.

கிம்சன் பொறியாளர், 1818இல் பிறந்தவர், ஓவனின் கொள்கையில் ஊறியவர். அவர் நிறுவிய 'வல்கன்' தொழிற்சாலை நீராவிப் பொறிகளுக்குப் பெயர் பெற்றது. பின்னாளில் லெஸ்டர் நகரத்துக் கழிவுநீரை இறைப்பதற்கென 1891இல் திறக்கப்பட்ட ஆப்பி இறைப்பு நிலையத்தின் நான்கு பெரும் பொறிகளும் கிம்சன் நிறுவனத்தாரின் கைவேலையே. இன்று அந்நிலையம் ஓர் அருங்காட்சியகம். ஊரின் நோய் தீர வேண்டி வழிபாட்டுக் கூடங்களில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, நாத்திகரின் ஆலையிலிருந்து புறப்பட்ட பொறி ஊரின் அழுக்கை வெளியேற்றியது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

செல்வர் ஒருவர் முன்வந்தார், பணம் கொட்டினார், மன்றம் எழுந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கிம்சனின் கை தாராளந்தான். ஆனால் அவர் அதைத் தம் பெயர் பொறித்த தனிச்சொத்தாகக் கட்டவில்லை. பங்கு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து, பங்குகளை விற்று, அந்த நிறுவனத்தின் உடைமையாக மன்றம் எழுப்பப்பட்டது. இதில் அறிவுக்கூர்மை இருக்கிறது. உலகியல் சங்கம் என்ற பெயரில் நிலமோ நன்கொடையோ வைத்திருப்பது சட்டத்தின் முன் ஐயத்திற்கிடமானது. எவனோ ஓர் உறவினன் வழக்குத் தொடுத்தால் உயிலே செல்லாமற் போகலாம். பங்கு நிறுவனத்தையோ சட்டம் மதிக்கும். கடவுளைக் காப்பாற்றத் துடித்த அதே சட்டம், வணிகத்தைக் காப்பதில் அதைவிடக் கருத்தாக இருந்தது. அந்த ஓட்டை வழியே நுழைந்தனர் லெஸ்டர் தோழர்கள்.

ஆயினும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. பத்தாண்டுகள்! ஒரு கூட்டத்திற்கு இடம் கிடைக்காத சினம் பத்து நாள் நிற்பதே அரிது. பத்தாண்டுக் காலம் அதைத் தணியவிடாமல், ஆனால் கொதித்துப் பொங்கி வழியவும் விடாமல், பங்குத் தொகையாகவும் வரைபடமாகவும் செங்கல்லாகவும் மாற்றிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பொறுமையை வியக்கிறேன். லீக் என்னும் ஊரைச் சேர்ந்த லார்னர் சக்டன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த வடிவில், ஹம்பர்ஸ்டோன் கேட் என்னும் பெருந்தெருவில், 1881 மார்ச்சு 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மன்றம் திறக்கப்பட்டது.

அம்மன்றத்தின் முகப்பில் ஐந்து மார்பளவுச் சிலைகள். சாக்ரடீசு, ஏசு, வால்டேர், தாமசு பெயின், இராபர்ட் ஓவன். ஏதென்சு நகரத்தார் நஞ்சு கொடுத்துக் கொன்றவர் ஒருவர். தூலூசு நகரத்தில் மதவெறிக்குப் பலியான காலாசு என்னும் எளிய வணிகனுக்காக நீதி கேட்டு ஐரோப்பாவையே உலுக்கியவர் ஒருவர். 'பகுத்தறிவின் காலம்' எழுதிய குற்றத்திற்காக, நாடு விடுதலை பெறத் தாம் உதவிய அமெரிக்காவிலேயே கைவிடப்பட்டவர் ஒருவர். ஆலை முதலாளியாயிருந்தும் ஆலைச் சிறுவர்க்குப் பள்ளி கண்டவர் ஒருவர். இந்த நால்வரைப் பற்றி ஊரார் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாமவர்தான் தொல்லையானார்! 'ஏசு பெருமானை வால்டேரோடும் பெயினோடும் ஒரே வரிசையில் வைப்பதா?' என்று பத்தர்கள் கொதித்தனர்.

சிரிக்கத்தக்கதே. நாத்திகர்கள் ஏசுவை இழித்துச் சிலை வைக்கவில்லை. மனிதருக்கு மனிதராக, அந்நாளைய பூசாரிகளை எதிர்த்த ஒரு தச்சன் மகனாக, சாக்ரடீசுக்குச் சமமாகவே வைத்தனர். அதுவே பொறுக்கவில்லை. ஒருவரைக் கடவுளாக்கிப் பீடத்தில் ஏற்றியபின், மனிதர் என்று அவரை மதிப்பதே இழிவாகிவிடுகிறது. புத்தரை ஒன்பதாவது அவதாரமென்று எண்ணி, வணங்கி, அவர் சொன்னதை மட்டும் மறந்த நாட்டவராகிய நமக்கு இது புதிய செய்தியன்று. நம் ஊரில் ஒரு மன்றம் எழுந்தால் அதன் முகப்பில் யார் யாரை வைப்போம்? வள்ளுவரை வைப்போம், அடுத்து? இதை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருநாள் கேட்டேன். பிற்பகல் முழுதும் சண்டை.

திறப்பு விழாவுக்கு வந்தோர் யாவர்? ஹோலியோக் வந்தார், எந்த ஊரில் இடமில்லை என்றார்களோ அதே ஊரில், உரிமையோடு நின்றார். நார்தாம்டன் தொகுதியில் 1880இல் வென்றும், கடவுள் பெயரால் ஆணையிடுவது குறித்து எழுந்த தகராறால் நாடாளுமன்றத்தோடு போராடிக்கொண்டிருந்த பிராட்லா வந்தார். ஹாரியட் லா வந்தார். ஞாயிற்றுப் பள்ளியில் விவிலியம் கற்பித்தவர், நாத்திகரோடு வாதிட்டு வெல்லப் புறப்பட்டு, வாதத்தின் முடிவில் தாமே நாத்திகராகி, ஊரூராய்ப் பேசிய பெண்மணி அவர். கார்ல் மார்க்சு அமர்ந்திருந்த முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவிலும் இடம் பெற்றவர். நம் வரலாற்று நூல்களில் அவர் பெயரை நான் அதிகம் கண்டதில்லை. திறப்பு விழாவுக்கென வாழ்த்துப்பா எழுதித் தந்தவர் ஜேம்சு தாம்சன் என்னும் கவிஞர். பிராட்லாவோடு பிணங்கிப் பிரிந்தவர். வறுமையும் குடியும் தின்ன, அடுத்த ஆண்டே மறைந்தார்.

அன்று வந்த இன்னொருவர் பெயரைச் சொன்னால் வியப்பீர்கள். அன்னி பெசண்ட் அம்மையார்! ஆம், அதே பெசண்ட்தான். கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877இல் பிராட்லாவோடு குற்றவாளிக் கூண்டில் நின்று, அதன் விளைவாகப் பெற்ற மகளையே தந்தையிடம் பறிகொடுத்த வீராங்கனை. அவரே 1889இல் பிரம்மஞானத்தில் புகுந்து, 1893இல் இந்தியா வந்து, 1907 முதல் அடையாற்றில் அச்சங்கத்தின் தலைவராக வீற்றிருந்து, மறுபிறப்பையும் மகாத்மாக்களையும் பற்றி நமக்குப் போதித்தார். 1916இல் பிறந்த நீதிக்கட்சி அவருடைய 'ஹோம் ரூல்' கிளர்ச்சியை வன்மையாக எதிர்த்த கதை இவ்விதழ் வாசகர்க்குப் பழக்கமானது. லெஸ்டரில் நாத்திக மன்றத்தைத் திறந்துவைக்க வந்தவர், சென்னையில் வருணத்திற்கு விளக்கம் சொன்னார். மேடை வீரர்களை நம்பி மட்டும் ஓர் இயக்கம் இருக்கலாகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பெசண்ட் போனார், லெஸ்டர் மன்றம் போகவில்லை.

போகாததற்குக் காரணமானவர்கள் வேறு. டபிள்யூ. எச். ஹோலியோக் என்றொருவர், பெயரில் மட்டுமே மூத்த ஹோலியோக்கை ஒத்தவர், உறவினர் அல்லர். லெஸ்டரில் தையல் தொழிலும் புத்தகக் கடையும் நடத்தி வந்தார். சங்கத்தைத் தொடக்க நாள் முதல் தாங்கியவர்களுள் ஒருவர். தடை செய்யத் துடித்த நூல்களை விற்கும் கடை என்றால், நாகரிக வாடிக்கையாளர் சட்டை தைக்கவும் வரமாட்டார். அது தெரிந்தே நடத்தினார். அவர் ஆற்றிய சொற்பொழிவு எதுவும் பெயர் பெறவில்லை. ஆனால் சொற்பொழிவைக் கேட்டு வெளியே வந்தவன் மறுநாள் ஒரு நூலைத் தேடினால், அது கிடைக்க ஒரு கதவு திறந்திருந்தது.

ஜோசையா கிம்சன் மன்றம் திறந்த இரண்டே ஆண்டில், 1883இல், இறந்தார். தந்தை மறைந்தால் சங்கம் தள்ளாடும் என எதிரிகள் எண்ணியிருக்கலாம். 1888இல் அவருடைய மகன் சிட்னி கிம்சன் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 28. இளந்தோழர்கள் இதைக் குறித்துக்கொள்க: அன்று ஏற்ற பொறுப்பை ஏறத்தாழ அரை நூற்றாண்டு சுமந்தார்! பகலெல்லாம் தொழிற்சாலை, நகரமன்ற வேலை, ஞாயிறுதோறும் மன்றம். பேச வந்தவர்கள் அவர் வீட்டில்தான் தங்குவர். எத்தனை ஆயிரம் முறை அந்த வீட்டார் விருந்தினருக்குப் படுக்கை விரித்திருப்பர்!

அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிசு. 1884 சனவரியில் கலையையும் பொதுவுடைமையையும் பற்றி மன்றத்தில் பேசினார். கூட்டத்திற்குப் பின் கிம்சன் வீட்டில் பேச்சு தொடர்ந்தது. சிட்னியின் தம்பி எர்னஸ்ட், 19 வயதுப் பிள்ளை, கட்டடக் கலை பயின்றுகொண்டிருந்தவர், உடனிருந்தார். பின்னர் மாரிசு தந்த அறிமுகக் கடிதத்தோடு இலண்டன் சென்ற அந்தப் பிள்ளைதான், இங்கிலாந்தின் மரவினைக் கலையில் தலைசிறந்தவர் எனப் போற்றப்படும் எர்னஸ்ட் கிம்சன். ஓர் ஊர்ச் சங்கத்தின் பயனை உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து மட்டும் அளக்கக்கூடாதென நான் கருதுவது இதனால்தான். அன்றைய கணக்குப் புத்தகத்தில் அந்த மாலை, பேச்சாளர் வழிச்செலவு என்ற ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும்.

துறவு மடத்தை விட்டு வெளியேறிய ஜோசப் மெக்கேபு சிறிது காலம் சங்கத்தின் செயலாளராயிருந்தார். அவர் சென்றபின், 1899இல் அப்பொறுப்புக்கு வந்தவர் எப். ஜே. கூல்ட். இவரிடத்தில்தான் என் மனம் அதிகம் நிற்கிறது. இவர் என்னைப்போல் பள்ளி ஆசிரியர் என்பதாலும் இருக்கலாம். இளமையில் விண்ட்சர் அரண்மனைக் கோயிலில் பாடிய சிறுவர் குழுவைச் சேர்ந்தவர். பின்னர் இலண்டனின் ஏழைகள் வாழும் கீழைப் பகுதியில் ஆசிரியர். நம்பாததைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க மனச்சான்று இடந்தரவில்லை என்று வெளிப்படையாக அறிவித்து, விவிலியப் பாடத்திலிருந்து விலகினார். இறுதியில் 1896இல் வேலையையே துறந்தார். வகுப்பறையில் நின்று வாயால் ஒன்றும் மனத்தால் ஒன்றுமாக வழிபாட்டுப் பாடல் பாடவைக்கும் ஆசிரியனுக்குத்தான் தெரியும், இதன் அருமை.

லெஸ்டருக்கு வந்த கூல்ட், மன்றத்தின் ஞாயிற்றுப் பள்ளியில் சிறுவர்களுக்குக் கதை சொன்னார். கடவுளின் அச்சுறுத்தல் இல்லாத அறக்கதைகள்; பொய் சொல்லாதே, ஏனெனில் நரகம் என்பதன்று; பொய் சொல்லாதே, ஏனெனில் உன் தோழன் உன்னை நம்பியிருக்கிறான் என்பது. 1900இல் நகரக் கல்விக் குழுவுக்குப் போட்டியிட்டு வென்றார்; மதச்சார்பற்ற ஒழுக்கப் பாடம் நகரப் பள்ளிகளில் நுழைவதற்கு வழி செய்தார். அதே ஆண்டில் சங்கத்தின் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். பின்னர் 1911இல், கிழக்கு நாட்டுக் கதைகளைக் கொண்டே இந்திய மாணவர்க்கென ஒரு நூல் எழுதினார். 1913இல் இந்தியாவுக்கு வந்து ஒழுக்கப் பாடத்தை நடத்தியும் காட்டினார்.

ஆனால் அதற்குமுன், 1908இல், அவர் லெஸ்டர் சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டு விலகினார். மனக்குறை இதுதான்: இல்லை, இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தால் போதுமா? பிறப்பு, மணம், இறப்பு, குழந்தை வளர்ப்பு ஆகிய இவற்றிற்கெல்லாம் மனிதன் நாடுவது ஏதோ ஒன்று உண்டே, அதை நாம் தருகிறோமா? பிரெஞ்சு அறிஞர் கோந்து வகுத்த 'மானிட மத'த்தில் விடை இருப்பதாக அவர் எண்ணினார். லெஸ்டரிலேயே தனியாக ஒரு சங்கம் கண்டார். 1910இல் இலண்டனுக்குப் பெயர்ந்தார்.

கூல்ட் கண்ட விடையை நான் ஏற்கவில்லை. கடவுளை இறக்கிவிட்டு அதே பீடத்தில் மானிடத்தை ஏற்றி, நாட்காட்டியும் சடங்கும் வகுத்தால், நாளடைவில் பூசாரி மட்டும் தவறாமல் வந்து சேர்வான். ஆனால் அவர் கேட்ட கேள்வியை எறிந்துவிடவும் முடியவில்லை. சுயமரியாதைத் திருமணத்தைத் தந்தை பெரியார் கண்டது இக்கேள்விக்கு ஒரு நேரிய விடை. பூசாரியை நீக்கினார், மணமக்களை நடுவில் வைத்தார், புதிய புரோகிதம் எதையும் படைக்கவில்லை. 1967இல் அண்ணா அமைச்சரவை அதற்குச் சட்ட ஏற்பும் தந்தது. ஆனால் மணம் முடிந்த மறுநாள்? அந்த மணமக்களின் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறது? எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழ் இருக்கிறது, நல்ல நூல்கள் இருக்கின்றன, முதியவர்கள் நால்வர் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெருப் பசனைக் கூடத்தில் சுண்டலும் பாட்டும் இருக்கின்றன. என் வகுப்பு மாணவர் பாதிப்பேர் அங்கேதான்.

சிட்னி கிம்சன் கூல்டைப் பின்பற்றிப் போகவில்லை. சண்டையிட்டு மன்றத்தைப் பூட்டவும் இல்லை. தலைவர் நாற்காலியில் தொடர்ந்து அமர்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கு அடுத்த பேச்சாளரைத் தேடினார். முதல் உலகப்போர் வந்தது, போயிற்று. சங்கங்கள் பல, பிராட்லா காலத்து ஆரவாரம் அடங்கியதும் ஒவ்வொன்றாய் மறைந்தன. நம் 'தத்துவ விவேசினி' 1882இல் தொடங்கி 1888இல் நின்றுவிட்டதை இங்கே வருத்தத்தோடு நினைக்கிறேன். லெஸ்டரில் கதவு திறந்தபடியே இருந்தது. முதுமையில் சிட்னி, சங்கத்தைப் பற்றித் தாம் கண்டவற்றைக் கோவையின்றி, நினைவுக்கு வந்த வரிசையில், எழுதி வைத்தார்.

நம் நாட்டில் முதல் இந்தி எதிர்ப்புப் போர் மூண்டிருந்த 1938ஆம் ஆண்டில் சிட்னி கிம்சன் மறைந்தார். பிரிந்து சென்ற கூல்டும் அதே ஆண்டில் மறைந்தார். ஹம்பர்ஸ்டோன் கேட் தெருவில் அந்த மன்றம் இன்றும் நிற்கிறது. முகப்பில் ஐவரும் இருக்கின்றனர். சங்கமும் இயங்கி வருகிறது.

எங்கள் படிப்பகத்தின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறை ஒன்று இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று சென்ற வாரம் விசாரித்தேன். பொருளாளர் ஐயாவிடமாம். இந்த ஞாயிறு காலை, அதைத் திறந்து தரச் சம்மதித்திருக்கிறார்.